நல்லான் வீட்டுக் கோடி

தப்பட்டைச் சத்தத்தில் போனில் பேசியது பாதிதான் காதில் விழுந்தது. கீதாஞ்சலி பந்தலை விட்டு வெளியே வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கி, இன்னொரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

“கோடி வேணுமுங்க. காலைல எங்கம்மா தவறிட்டாங்க. உங்ககிட்டப் பெட்டி குடுத்தாங்கல்ல, நல்லானோட அக்கா. மூணு மணிக்கு எடுக்கறதுங்க. அதுக்குள்ள கோடி வரோணும்.”

மறுமுனையில் இருந்தவர் இரண்டு முறை ‘என்னது, என்னது’ என்றார். அப்புறம் குரலில் விறைப்பு ஏறியது.

“கொடியெல்லாம் அப்படித் தூக்கிக் குடுத்துற முடியாது தாயி. அதுக்குச் சட்டம் இருக்கு. மேலருந்து உத்தரவு வரணும். செத்தவுக பட்டாளத்துல இருந்தாகளா?”

“அம்மா எப்படீங்க இருப்பாங்க? தம்பிதானுங்க இருந்தாரு.”

“அப்பத் தம்பிக்குத்தான் போர்த்தலாம். அக்காளுக்குக் கெடையாது.”

லைன் போய்விட்டது. கீதாஞ்சலி போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்காள் செத்தால் தம்பி கோடி போடக் கூடாது என்று எந்த ஊரில் சட்டம் இருக்கிறது?

அவள் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன் இன்சார்ஜ். கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கை ஒருநாளும் தவறவிடாதவள் என்று பெயர் வாங்கியவள். போனில் ‘முடியாது’ என்கிறவன், நேரில் போய் நின்றால் ‘பார்க்கலாம்’ என்பான் என்பது அந்த வேலையில் அவள் கற்றுக்கொண்ட முதல் விஷயம். பந்தலுக்குள் வந்து புருஷன் செல்வக்குமாரிடம் ஸ்கூட்டி சாவியைக் கேட்டாள்.

செல்வக்குமார் அரண்டு போனான். பெற்ற மகள் பிணத்தை விட்டுவிட்டு ரோட்டில் போனால் சனம் என்ன பேசும் என்று காதருகே முணுமுணுத்தான். அழுவதைச் சாயங்காலம்கூட அழுது கொள்ளலாம், கோடியைச் சாயங்காலம் கொண்டுவர முடியாது என்று சொல்லிவிட்டுச் சாவியை அவன் சட்டைப் பையிலிருந்து அவளே எடுத்துக்கொண்டாள்.

அவசரத்துக்குக் காரணம் பந்தலின் முதல் வரிசையில், நீல நிறப் பிளாஸ்டிக் சேரில், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. பெயர் ஈஸ்வரமூர்த்தி. செத்துப்போன அம்மா மருதாளின் சித்தப்பன் மகன். மடியில் ஜவுளிக்கடைப் பை. பைக்குள் வெண்பட்டுப் புடவை.

கொங்குச் சீமையில் ஒரு பெண் செத்தால், எத்தனை மாலை விழுந்தாலும், பிறந்த வீட்டுக் கோடி விழாமல் பாடையைத் தூக்க மாட்டார்கள். கூடப் பிறந்தவன் புதுத்துணி கொண்டுவர வேண்டும். அதைப் போர்த்திய பிறகுதான் மற்றது. மருதாளுக்குக் கூடப் பிறந்தவன் ஒருத்தன்தான். நல்லான். எழுபத்தொன்றாம் வருஷத்துப் போரில் கிழக்கு எல்லையில் போய்விட்டான். உடம்பு வரவில்லை, இரும்புப் பெட்டிதான் வந்தது. விஷயம் கேட்டு மருதாள் தலைவிரி கோலமாகப் பிறந்த வீட்டுக்கு ஓடினபோது வாசலில் புதுப் பூட்டு தொங்கியது. சாவி ஈஸ்வரமூர்த்தியின் இடுப்பில். ஆம்பளை இல்லாத வீட்டுக்குக் கட்டிக் கொடுத்தவள் எதற்கு வருகிறாள் என்று அவன் கேட்டானாம். தம்பிக்கு ஒரு விளக்கு ஏற்றக்கூட அவளுக்கு இடம் இல்லை. மாட்டுக் கட்டுத்தரையில் கிடந்த பெட்டியை மட்டும் தலையில் தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

அதற்கப்புறம் ஒரு நல்லது கெட்டதுக்கும் எட்டிப் பார்க்காத ஈஸ்வரமூர்த்தி இன்றைக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருக்கிறான். கோடி போட்டவன்தான் கூடப் பிறந்தவன் என்று ஊர் ஒப்புக்கொள்ளும். அந்தப் பழைய பூட்டுக் கதைக்கு இன்றோடு முற்றுப்புள்ளி. ஒரு பட்டுப் புடவைக்கு அவ்வளவு வலு உண்டு.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில், மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, மருதாள் மகளின் மணிக்கட்டைப் பிடித்துச் சொன்னாள்.

“ஈசுவரன் கோடியை என்ற மேல போட உட்ராத கண்ணு.”

சரி என்று கீதாஞ்சலி சொல்லியிருந்தாள். ஆனால் பெரியப்பா கன்னையன்தான் இந்த வீட்டுக்கு மூத்தவர், முறை தெரிந்தவர். அவரிடம் காலையில் பேசிப் பார்த்தாள். நேர் தம்பி வீட்டிலிருந்து கோடி வந்தால் ஈஸ்வரனுடையது வேண்டாம், வராவிட்டால் அவன்தான் போட வேண்டும், கோடி இல்லாமல் எடுக்க முடியாது என்று அவர் முடித்துவிட்டார். நேர் தம்பிக்கு வீடு ஏது என்று யாரோ கேட்டார்கள். அப்போதுதான் அவளுக்கு, அம்மா பின்னாளில் அந்த இரும்புப் பெட்டியைக் கொடுத்து வைத்த மியூசியம் ஞாபகம் வந்தது.

பெருமாநல்லூர் தாண்டி ஸ்கூட்டி பறந்தது.

திருமுருகன்பூண்டிக்குப் போகிற ரோட்டில் பழைய பஞ்சு குடோன் ஒன்று உண்டு. முன்னாள் ராணுவத்தினர் சங்கம் அதை வாங்கி, ‘படைவீரர் நினைவுக்கூடம்’ என்று போர்டு மாட்டியிருந்தது. ஊரில் எல்லாரும் மிலிட்டரி மியூசியம் என்பார்கள். வாசலில் கல்லில் ஒரு சிப்பாய். செதுக்கியவர் பூண்டிச் சிற்பி, வாழ்நாள் முழுக்கச் சாமி சிலை அடித்தவர். கை சொன்னபடி கேட்கவில்லை போலிருக்கிறது. சிப்பாய்க்கு முருகனின் சிரிப்பு, நீளமான காது, வேல் பிடிக்கிற மாதிரி பிடித்த துப்பாக்கி. லாரிக்காரர்கள் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். இன்றைக்கும் துப்பாக்கி முனையில் யாரோ எலுமிச்சம்பழம் குத்தியிருந்தார்கள்.

உள்ளே ஒரே ஹால். சுவரெல்லாம் போட்டோ. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலேறிப் போன கோயமுத்தூர் ஜில்லாக்காரர்கள், துருப்பிடித்த இரும்புத் தொப்பி, ஒயர் அறுந்த டெலிபோன், பூ ஜாடியாகிப் போன பித்தளைக் குண்டுக்கூடு. நடுவில், கையில் துணியோடு, கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார் பொன்னுச்சாமி. ஓய்வு பெற்ற ஹவில்தார். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். மனைவி ஒச்சாயிக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை கிடைத்தபோது கூடவே வந்து, இந்த ஹாலுக்குக் காவலாகவும் வழிகாட்டியாகவும் ஒட்டிக்கொண்டவர்.

போனில் பேசினது நான்தான் என்று கீதாஞ்சலி சொன்னதும் அவர் முதுகு நிமிர்ந்தது. அதே சட்டத்தை மறுபடி ஆரம்பித்தார். யாருக்குப் போர்த்தலாம், யார் அனுமதி தர வேண்டும், எப்படி மடிக்க வேண்டும். கீதாஞ்சலிக்குப் பொறுமை அறுந்தது.

“அக்காளுக்குத் தம்பி ஊட்டுக் கோடி போடறதுக்கு யாருங்க உத்தரவு குடுக்கோணும்? டெல்லியிலிருந்து வரோணுமுங்களா?”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

“என்ன போடுறதுக்கு?”

“கோடி.”

“கோடியா? நெடிலா?”

“நெடிலுதானுங்க.”

பொன்னுச்சாமி பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். சுவர் அலமாரியைக் காட்டினார். அதற்குள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தேசியக் கொடி, முக்கோணமாக மடித்து வைத்திருந்தது.

“நான் கொடின்னுல்ல நெனச்சேன். பின்னால மேளச் சத்தம் வேற. தேசியக் கொடியை அக்காளுக்குக் கேக்குதே இந்தப் புள்ளை, தைரியத்தப் பாருன்னு...”

கீதாஞ்சலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். பொன்னுச்சாமி சிரிக்கவில்லை. யார் செத்தது என்பதே அவருக்கு இப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

“நல்லான் அக்காவா? தீபாவளிக்கு மொத நாளு வரும்ல, வெள்ளைச் சீலை கட்டிக்கிட்டு, மெலிஞ்சாப்ல? அதுவா போயிருச்சு?”

தீபாவளிக்கு முதல் நாள் அம்மா அவிநாசி கோயிலுக்குப் போவாள், இங்கே இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினாள். அதையெல்லாம் விசாரிக்க நேரமில்லை. ஈஸ்வரமூர்த்தி உட்கார்ந்திருப்பதையும் அம்மா வாங்கிய சத்தியத்தையும் நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். மாமனின் சாமான் எதுவானாலும் சரி, அவர் போட்டிருந்த சட்டையைக் கொடுத்தால்கூடப் போதும், அதைக் கோடி என்று போட்டுவிடலாம் என்றாள்.

நல்லானின் அலமாரி மூலையில் இருந்தது. பச்சைச் சட்டை, கம்பளித் தொப்பி, கம்பளி, எனாமல் தட்டு, சவரக் கத்தி, ஒரு போட்டோ. போட்டோவில் அவன் முறைக்கப் பார்த்து முடியாமல் விட்டிருந்தான். காது அப்படியே அம்மாவின் காது.

“போட்ட சட்டையக் கோடின்னு சொல்ல முடியுமா தாயி?” என்றார் பொன்னுச்சாமி. “எங்க பக்கமே ஒத்துக்க மாட்டாக. தண்ணி படாத துணியில்ல வேணும்.”

அவளுக்குத் தெரியாததா? தெரிந்துதான் வண்டியை எடுத்தாள். வழியில் ஏதாவது தோன்றும் என்று நம்பினாள். இப்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால், சட்டையில் கழுத்து நைந்திருந்தது, கம்பளியில் பூச்சி அரித்திருந்தது. கன்னையன் பெரியப்பா தொட்டுப் பார்த்ததும் தள்ளிவிடுவார். ஈஸ்வரமூர்த்தி எழுந்து பையிலிருந்து பட்டை எடுப்பான். வழியில் ஒரு கடையில் புதுத்துணி வாங்கலாம்தான். ஆனால் அது மகள் வாங்கிய துணி. மாமன் வீட்டிலிருந்து வந்ததாகப் பொய் சொல்லி அம்மா மேல் போர்த்த அவளுக்கு மனசு வரவில்லை. ஒரு பொய்க் கோடியைத் தடுக்கத்தானே கிளம்பியிருக்கிறாள்.

பொன்னுச்சாமி மண்டி போட்டார். அலமாரிக்கு அடியில் கையை விட்டு, நல்லானின் இரும்புப் பெட்டியைத் தரையில் தேய்த்தபடி வெளியே இழுத்தார். பூட்டு இல்லை. மூடியைத் தூக்கினார்.

உள்ளே வேட்டிகள். எல்லாம் வெள்ளை. ஒன்றின்மேல் ஒன்றாக, கடை மடிப்புக் கலையாமல், சிலதில் ஸ்டிக்கர்கூட உரியாமல்.

“இதெல்லாம் யாருதுங்க?”

“நல்லானுது. அக்கா வருசா வருசம் கொண்டாந்து குடுக்கும். தீபாவளிக்கு. மொத வருசம் நான் சொன்னேன், இதப் பார்வைக்கு வைக்க முடியாதுக்கா, அவர் சாமான் இல்லைன்னு. ‘பாக்கறதுக்கு இல்லீங்க சாமி, அவன் கட்டிக்கறதுக்கு’ன்னுச்சு. பெறகு நான் ஒண்ணும் கேக்கல. குடுத்துட்டு இந்த ஸ்டூல்ல செத்த நேரம் உக்காந்துட்டுப் போகும்.”

கீதாஞ்சலி பெட்டிக்குப் பக்கத்தில் குந்தினாள். வருஷா வருஷம் அவிநாசிக் கோயில் திருநீறு என்று அம்மா பொட்டலத்தில் கொண்டுவந்து எல்லார் நெற்றியிலும் வைப்பாள். திருநீறு வாங்க எப்போது போனாள், இங்கே எப்போது வந்தாள்? மேலே இருந்த வேட்டியை எடுக்கக் கை நீட்டினாள்.

“நீ தொடாத தாயி,” என்று பொன்னுச்சாமி தடுத்தார். “நீ செத்த வீட்டு ஆளு. பொறந்த வீட்டுலருந்துதான் எடுத்துக் குடுக்கணும்.”

போட்டோவை ஒருதரம் பார்த்துவிட்டு அவரே எடுத்தார். எட்டு முழம். மருதாள் தாலி இழந்து பல வருஷம் ஆகியிருந்தது, வெள்ளைதான் அவளுக்கு முறை. அவர் வேட்டியை அவளிடம் நீட்டினார். கீதாஞ்சலி கையைக் கட்டிக்கொண்டாள்.

“அப்ப நீங்கதானுங்க சுமந்துட்டு வரோணும்.”

பொன்னுச்சாமி தயங்கினார். தான் நல்லானை நேரில் பார்த்தது கிடையாது, அந்தப் போரில் அவன் கிழக்கே, தான் மேற்கே என்றார். அதோடு தான் தெற்கத்தியான், வேறு சனம். இந்த ஊர்க்காரர்கள் சாவு வீட்டில், அதுவும் கோடியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால் முகம் சுளிப்பார்கள் என்றார்.

“கோடி எங்க மாமன்துங்க. நீங்க அவருகிட்ட இருந்து கொண்டாறீங்க. சுளிக்கறவங்க சுளிச்சுக்கட்டும். நேரமாச்சு, ஏறுங்க.”

அவர் அப்புறம் விவாதம் பண்ணவில்லை. உத்தரவு என்றால் அவருக்குப் பழக்கம். வெறுங்கையில் கோடி கொண்டுபோகக் கூடாது, தட்டு வேண்டும் என்று சுற்றுமுற்றும் பார்த்தார். கடைசியில் சாவிக்கொத்தை எடுத்து நல்லானின் அலமாரியைத் திறந்து, எனாமல் தட்டை வெளியே எடுத்தார். இதை மட்டும் சாயங்காலம் திருப்பி வைத்துவிட வேண்டும், சங்கத்துச் செக்ரட்டரி கண்ணில் பட்டால் தொலைந்தேன் என்றார். வெளிக்கதவை வெறுமனே சாத்தினார். பூட்ட வேண்டாமா என்று அவள் கேட்டதற்கு, கல் சிப்பாயைக் காட்டினார். ரோட்டில் போகிறவன் எல்லாம் அதைக் கும்பிடுகிறான், அதைத் தாண்டி எவன் உள்ளே போகப் போகிறான் என்றார்.

ஊர் எல்லையில் வண்டியை நிறுத்திவிட்டுச் செல்வக்குமாருக்குப் போன் போட்டாள். நேர் தம்பி வீட்டுக் கோடி வந்திருக்கிறது, எதிர்கொண்டு அழைக்கத் தப்பட்டையை அனுப்பு என்றாள். அவன் எதுவும் கேட்கவில்லை, அதற்காக அவனை எதற்கு வேண்டுமானாலும் மன்னிக்கலாம். தப்பட்டைக்காரர்கள் முன்னால் அடித்துக்கொண்டு போக, பின்னால் கீதாஞ்சலி ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வர, நடுவில் பொன்னுச்சாமி எனாமல் தட்டை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அணிவகுப்பு நடை நடந்தார். கம்பெனி வேனில் வந்திறங்கிய பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் வழிவிட்டு நின்றார்கள்.

கன்னையன் எழுந்து, வழக்கப்படி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

“யாரு ஊட்டுக் கோடி?”

பொன்னுச்சாமியின் பூட்ஸ் குதிகால்கள் அட்டென்ஷனில் ஒட்டிக்கொண்டன.

“சிப்பாய் நல்லான் வீட்டுக் கோடி. அக்காளுக்கு.”

ஈஸ்வரமூர்த்தி எழுந்தான். கத்தவில்லை, அவன் கத்துகிற ரகமும் இல்லை. செத்துப்போனவன் கோடி போட்டதாக எங்கேயும் கேள்விப்பட்டதில்லை, இந்த ஆள் யார், எந்த ஊர், என்ன சனம், தெரியாமல் இவரை நடுப்பந்தலில் விடலாமா என்று நிதானமாகச் சபையைப் பார்த்துக் கேட்டான். இரண்டு மூன்று தலைகள் ஆமாம் என்று அசைந்தன. கன்னையன் கீதாஞ்சலியைப் பார்த்தார்.

“நேர் தம்பி ஊட்டுல இருந்து வந்தாப் போதும்னு நீங்கதானுங்க பெரியப்பா சொன்னீங்க. நான் அங்க போயித்தான் கூட்டிட்டு வர்றேன்.”

“அவனுக்கு ஏதம்மிணி ஊடு?” என்றான் ஈஸ்வரமூர்த்தி.

“பூண்டி ரோட்டுல இருக்குதுங்க மாமா. எங்கம்மா வருசா வருசம் அங்க போயி உக்காந்துட்டு வந்திருக்குது. கதவைச் சும்மாதான் சாத்தி வெச்சிருக்காங்க. பூட்டறதில்லீங்க.”

கடைசி வரிசையில் ஒரு கிழவர் குனிந்து வெற்றிலை எச்சிலைத் துப்பினார். அது அந்த நேரத்தில் போதுமான பேச்சாக இருந்தது.

கன்னையன் தட்டிலிருந்த வேட்டியை விரலால் தடவிப் பார்த்தார். மூலையை உயர்த்தி மோந்தார். புதுத்துணியின் மொடமொடப்பு. இது எப்படி அங்கே வந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கீதாஞ்சலி சொல்லியிருப்பாள். அவர் வயசுக்குக் கேட்காமலே சிலது விளங்கும் போலிருக்கிறது.

“கோடி வந்திருச்சு,” என்றார். “ஆகற வேலையப் பாருங்க. ஈசுவரா, நீ மாலை போடறதானா அப்பறம் போடு சாமி.”

ஈஸ்வரமூர்த்தி ஜவுளிக்கடைப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பந்தலின் ஓரத்துக்கு நகர்ந்தான். மாலை வாங்கி வந்திருக்கவில்லை அவன்.

பொன்னுச்சாமி போர்த்தினார். வேட்டி பல காலம் மடிந்தே கிடந்ததால் மடிப்புகள் படியாமல் கோடு கோடாக எழும்பி நின்றன. அம்மாவின் தோளருகே ஒரு மடிப்பை நீவக் கையைக் கொண்டுபோன கீதாஞ்சலி, அதைத் தொடாமலே எடுத்துக்கொண்டாள்.

தூக்குகிற நேரத்தில் பொன்னுச்சாமி ஒதுங்கி நின்றார். தான் வந்த வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டார் போலும். கன்னையன்தான் திரும்பிப் பார்த்து, பிறந்த வீட்டுக்காரர் பின்னால் நிற்கக் கூடாது, முன்னால் வரச் சொல்லு என்றார். அவர் அப்படியே, வெறுங்காலோடு, ஆண்களோடு சேர்ந்து நடந்தார். தப்பட்டைச் சத்தம் தெரு முனை திரும்பி, அரிசி மில்லைத் தாண்டி, மெல்லத் தேய்ந்தது.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். வேலாத்தாள் அத்தை உள்ளேயிருந்து குடம் குடமாகத் தண்ணீரை வீசி அடித்தாள். வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளை ஒருத்தி விளக்குமாற்றால் ஓரமாகத் தள்ளினாள். அந்தக் குவியலில் இருந்து தள்ளி, சுவரை ஒட்டி, முனை இரண்டும் வெளியே பார்க்க, ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ் நேராக நின்றது. லேஸ் இரண்டையும் உள்ளே செருகி வைத்திருந்தது.

தண்ணீர் நிலைவாசலைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. கீதாஞ்சலி குனிந்து, பூட்ஸை எடுத்து, நனையாதபடி மேல்படியில் வைத்தாள். வைத்த பிறகு, இடது பக்கம் கொஞ்சம் கோணியிருந்ததைப் பார்த்து, அதையும் நேராக்கினாள்.